ஒருவருக்காக ஒருவர் காத்திருத்தல்: பெருநாள் வழிபாட்டின் வரலாறு குறித்துச் சில எண்ணங்கள்

பெருநாள் ஆராதனையைத் திட்டமிடுவது ஆயருடைய பணிகளுள் எளிதானதென்று இறையியல் கல்லூரியில் பயின்ற காலத்தில் எண்ணியிருந்தேன். வழிபாட்டு முறைமை நூல் கையில் உண்டு. அந்நாளுக்குரிய வேதபாடங்கள் அட்டவணையில் உண்டு. பாட்டுகளைப் பாடகர் குழுவினர் தாமே தெரிந்துகொள்வர். எஞ்சுவது அருளுரை ஒன்றே என்பது அக்காலத்து என் கணிப்பு. மேட்டுப்பாளையத்துச் சபையொன்றில் ஊழியம் செய்த ஆண்டுகள் அக்கணிப்பை அடியோடு மாற்றின.

மேட்டுப்பாளையம் நீலகிரி மலையின் அடியில், பவானியாற்றின் கரையில் அமைந்த ஊர். 1873இல் போத்தனூரிலிருந்து இருப்புப்பாதை அங்கு வந்து முடிந்தது. 1899இல் அங்கிருந்து குன்னூருக்கு மலை இரயில் ஏறத் தொடங்கியது. மலையிலிருந்து இறங்கும் உருளைக்கிழங்கும் காய்கறியும் கைமாறும் மண்டிகள் அவ்வூரின் உயிர்நிலை. ஆகவே சபையாரும் பலதிறத்தினர்: இரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்றோர், பள்ளி ஆசிரியர், மண்டியில் மூட்டை தூக்குவோர், நகராட்சியின் துப்புரவுப் பணியாளர், மலைத்தோட்ட வேலையை விட்டு இறங்கிக் குடியேறியோர். தமிழொடு கன்னடமும் மலையாளமும் படகர் மொழியும் கடைத்தெருவிற் கேட்கும்.

ஒரு நவம்பர் மாதத்தில், கிறிஸ்து பிறப்புப் பெருநாளைப் பற்றிப் பேசச் சபைக் கமிட்டி கூடிற்று. கீதபவனி எத்தனை இரவு, குடில் யார் பொறுப்பு, பாடகர் குழுவுக்குப் புதுச்சேலை எந்நிறம், கேக்கு எத்தனை கிலோ என்று ஒன்றரை மணிநேரம் பேச்சு நடந்தது. ஆராதனை வழக்கம்போல் விடியற்காலை நாலரை மணிக்கு என்று எழுதி முடித்தோம். அப்பொழுது கதவருகே அமர்ந்திருந்த மண்டித் தொழிலாளர் ஒருவர் எழுந்தார். "ஐயா, நாலரைக்கு ஆரம்பிச்சா நம்ம சனம் எப்படிங்க வரும்? லாரி வந்து நிக்கிற நேரமுங்க அது. நாங்க கைகாலக் கழுவிட்டு வர்றதுக்குள்ள ராப்போசனம் முடிஞ்சு போயிருதுங்க" என்றார். ஒரு மூப்பர், "அது பரம்பரையா வர்ற நேரம், மாத்த முடியாதுங்க" என்று மறுமொழி கூறினார். கூட்டம் ஜெபத்துடன் முடிந்தது.

பரம்பரை என்ற சொல் என்னை விடவில்லை. எந்தப் பரம்பரை, எவருடைய பரம்பரை என்று தேடப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

விடியற்காலை கூடும் வழக்கம் பழமையானதே. ஏறக்குறைய கி.பி. 112இல் பித்தினியா நாட்டின் ஆளுநன் பிளினி, தான் விசாரித்த கிறிஸ்தவர்களைப் பற்றி டிராஜன் பேரரசனுக்கு எழுதிய மடலில், அவர்கள் குறித்த நாளில் பொழுது விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைக் கடவுளாகப் பாடுகின்றனர் என்றும், பின் கலைந்துசென்று உணவருந்த மீண்டும் கூடுகின்றனர் என்றும் குறிப்பிட்டான். விடியுமுன் கூடியதன் காரணம் என்ன? அந்நாளில் ஞாயிறு ஓய்வுநாள் அன்று. அடிமைகளும் கூலிக்காரரும் எசமானரின் வேலைக்குச் செல்ல வேண்டியிருந்தது. வேலை தொடங்குமுன் கிடைத்த வேளையே அவர்களுடைய வேளை எனக் கருத இடமுண்டு. பித்தினியாவில் உழைப்பாளியைச் சேர்த்துக்கொள்ளும்பொருட்டு அமைந்த அதே நேரம், மேட்டுப்பாளையத்தில் உழைப்பாளியை வெளியே நிறுத்திற்று. நேரம் மாறவில்லை, அதன் பொருள் தலைகீழாயிற்று.

நம் நாட்டில் அவ்வேளைக்கு வேறொரு வேரும் உண்டு. டிசம்பர் 25 மார்கழி ஒன்பதாம் அல்லது பத்தாம் நாளாக அமையும். மார்கழியில் வைகறைத் துயிலெழுந்து பாடுதல் தமிழ்மண்ணின் வழக்கம். பனியில் முழுகி, கோலமிட்ட வாசல்களைக் கடந்து ஆலயத்துக்கு நடந்துவரும் நம் சபையார், தாம் அறிந்தோ அறியாமலோ, அண்டை வீட்டாரின் பக்தி வேளையைத் தமதாக்கிக் கொண்டனர். இதிற் குறைகாண்பதற்கு ஒன்றுமில்லை. ஆயின் பிறப்பின் நற்செய்தியை முதலிற் கேட்டோர் இரவுப்பணியில் இருந்த மேய்ப்பர்கள் அன்றோ! இதனை அருளுரைகளில் ஆண்டுதோறும் கூறுகின்றோம். நேரத்தை வகுக்கும்போது மாத்திரம் மறந்துவிடுகின்றோம்.

இப்பெருநாளே திருச்சபையில் தொடக்கமுதல் இருந்ததன்று. உரோமாபுரியில் டிசம்பர் 25 கொண்டாடப்பட்டதற்குரிய தொன்மையான சான்று 336ஆம் ஆண்டைக் குறிக்கிறது. 386இல் அந்தியோகியாவில் அருளுரை ஆற்றிய யோவான் கிறிசோஸ்தோம், அத்திருநாள் அந்நகருக்குத் தெரியவந்து பத்தாண்டுகளும் நிறையவில்லை என ஒப்புக்கொண்டார். அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எருசலேமுக்குப் பயணம் சென்ற எகேரியா என்னும் பெண்மணி எழுதிய குறிப்புகள் வழிபாட்டு மாணவர் யாவரும் கற்றற்குரியன. பேராயர் கிரேக்கத்தில் பேச, மூப்பர் ஒருவர் அருகில் நின்று சீரிய மொழியில் பெயர்த்துரைத்தார் என்றும், இவ்விரண்டும் அறியாத இலத்தீன் மக்களுக்கும் விளக்குவோர் இருந்தனர் என்றும் அவர் எழுதுகிறார். பெருநாளின் சிறப்பை அவர் விளக்குகளிலும் பட்டுத்திரைகளிலும் கண்டு வியந்தார் என்பது மெய்யே. ஆனால் கூடியிருந்தோருள் எவரும் பொருள் விளங்காமல் நிற்கலாகாதென்று அச்சபை எடுத்துக்கொண்ட கவலையையும் அவர் எழுதிவைத்தார். நான்கு மொழி கேட்கும் நம் ஊரில் ஒரு பாடத்தையாவது மலையவர் மொழியில் வாசிப்பித்தோமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இல்லை.

இனிக் கொங்கு நாட்டுக்கு வருவோம். கோயம்புத்தூரில் இலண்டன் மிஷனரி சங்கத்தின் பணி 1830இல் டபிள்யூ. பி. ஆடிஸ் என்பவரால் தொடங்கப்பெற்றது. 1795இல் தோன்றிய அச்சங்கத்தைப் பெரும்பாலும் தாங்கி நின்றவை இங்கிலாந்தின் சுயாதீனச் சபைகள். அவை பியூரிட்டானியரின் வழித்தோன்றல்கள். அந்தப் பியூரிட்டானியரோ கிறிஸ்து பிறப்புத் திருநாளைச் சட்டம் இயற்றி ஒழித்தவர்கள்! 1645ஆம் ஆண்டின் பொது வழிபாட்டுக் கையேடு, வேதத்தில் ஆதாரமில்லாத திருநாட்களைத் தொடரலாகாதென்று கூறிற்று. 1647இல் பாராளுமன்றம் கிறிஸ்துமஸ், உயிர்த்தெழுதல், பெந்தெகொஸ்தே ஆகிய மூன்றையும் நீக்கி ஆணை பிறப்பித்தது. அவ்வாண்டு டிசம்பர் 25 அன்று காண்டர்பரி நகரத்தார் கலகம் செய்தனர் என்பது வேறு கதை. மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை அந்நாளைக் கொண்டாடியோர்க்கு ஐந்து ஷில்லிங் தண்டம். ஸ்காத்லாந்தில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறையானது 1958இலேதான்.

ஆகவே கொங்கு நாட்டுச் சீர்திருத்தச் சபைகளுக்கு இப்பெருநாளின் ஆரவாரத்தை மிஷனரிமார் கப்பலேற்றிக் கொண்டுவந்தனர் எனக் கூறுவது பொருந்தாது. அவர்கள் கொண்டுவந்தவை அருளுரை, பள்ளிக்கூடம், எளிய ஜெபக்கூட்டம் ஆகியன. பெருநாளைக் கொண்டுவந்தவர் பிறர். இருப்புப்பாதை வேலைக்கும் ஆசிரியப் பணிக்கும் தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வந்தேறிய தமிழ்க் கிறிஸ்தவர், தம் ஊர்களின் பாட்டையும் பூவையும் அதிகாலை மணியையும் கூடவே கொண்டுவந்தனர் என்றே எண்ணுகிறேன். எனவே மூப்பர் குறிப்பிட்ட பரம்பரையைத் தேடுவோர் இலண்டனுக்கன்று, தரங்கம்பாடிக்கும் தஞ்சாவூருக்குமே செல்லவேண்டும்.

அங்கே காண்பது மகிழ்ச்சி மாத்திரமன்று. 1706இல் சீகன்பால்கு கரையிறங்கிய தரங்கம்பாடியில், 1733 டிசம்பர் 28 அன்று, அதாவது கிறிஸ்து பிறப்புப் பெருநாள் முடிந்த மூன்றாம் நாள், ஆரோன் என்பவர் சீர்திருத்தச் சபையின் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றார். அவர் வேளாளர் குலத்தவர். அக்காலத்திலேயே தஞ்சைப் பகுதியில் பெருந்தொண்டாற்றிய உபதேசியார் இராசநாயக்கன் பறையர் குலத்தவர். அவருடைய தகுதியை மிஷனரிமார் ஐயுறவில்லை; ஆனால் மேற்குலத்துச் சபையார் அவர் கையினால் திருவிருந்து பெறமாட்டார்கள் என அஞ்சினர். அவர் இறுதிவரை குருவாகவில்லை. பெருநாட்களைப் பற்றிய நம் வரலாறு அந்த மேசையருகிலேயே தொடங்குகிறது.

அடுத்து தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). பாளையங்கோட்டையிற் பிறந்து சுவார்ட்சு ஐயரின் அரவணைப்பில் வளர்ந்த இப்பெருங்கவிஞரைப் பற்றி இம்மலரின் வாசகர்க்கு மிகுதியாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1800இல் இயற்றிய 'பெத்லகேம் குறவஞ்சி' முதலாக அவர் ஆக்கித்தந்தவை இன்றளவும் நம் பெருநாட்களின் குரலாக விளங்குகின்றன. 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிமாருடன் அவருக்கும் பழைய சபையாருக்கும் கடும் பிணக்கு உண்டாயிற்று. அவர்கள் எடுத்துரைத்த முறையீடுகளுள் நான்கு தலையாயவை: பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகின்றனர், பெருநாளிலும் திருமணத்திலும் பூக்களைத் தடுக்கின்றனர், ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனைகளை விலக்குகின்றனர், சாதிகளைக் கலந்து உட்காரும்படி கட்டாயப்படுத்துகின்றனர்.

இந்நான்கும் ஒரே முறையீட்டில், ஒரே மூச்சில் வந்தன என்பதை நோக்குதல் வேண்டும். பூவுக்கும் பாட்டுக்கும் வழக்காடியவர்களே தனி இருக்கைக்கும் வழக்காடினர். அவர்களுக்கு இவை யாவும் 'நம் வழக்கம்' என்னும் ஒரே கட்டு. புதிய மிஷனரிமாருக்கும் இவை யாவும் 'அஞ்ஞான வழக்கம்' என்னும் ஒரே கட்டு. கட்டைப் பிரித்துப் பார்க்க இருதிறத்தாரும் முன்வரவில்லை. சாஸ்திரியாரின் குறவஞ்சியில் குறத்தி நடுநாயகமாக வந்து பாடுகிறாள். மெய்யான குறத்தி ஒருத்தி அப்பெருநாளில் ஆலயத்துள் வந்திருந்தால் எங்கே அமர்ந்திருப்பாள் என்னும் கேள்வியைத் தஞ்சைச் சபையார் எழுப்பியதாகத் தெரியவில்லை. சாஸ்திரியாரின் பாடல்களில் ஆழ்ந்த பற்றுடையவனாகவே இதை எழுதுகிறேன்.

கட்டைப் பிரித்தவர்கள் அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்தவர்கள். அவர்களும் பியூரிட்டானிய மரபினரே என்பது வரலாற்றின் விந்தை. 1847இல் அம்மிஷன் தன் ஊழியர் யாவரும் சாதி பாராது ஒரே பந்தியில் அமர்ந்து அன்பின் விருந்து உண்ணவேண்டும் என விதித்தது; மறுத்தோர் பலர் வேலையிழந்தனர். ஆறாண்டுகளின் பின், 1853இல், அதே மிஷனைச் சார்ந்த எட்வர்டு வெப் என்பவர் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து ஆராதனைக்கென அச்சேற்றினார். அதில் பெரும்பகுதி சாஸ்திரியாருடையது. தஞ்சையில் தடையுண்ட பாட்டு மதுரையின் வாயிலாகத் தமிழ்நாட்டுச் சபைகளெங்கும் பரவிற்று. பாட்டை ஏற்றனர், தனிப்பந்தியை மறுத்தனர். இவ்வாறு பிரித்தறியலாம் என்பதை அவர்களே முதலில் காட்டினர் எனலாம்.

ஆயினும் ஒரு குறிப்பு. விருந்தைச் சோதனையாக்கி, உண்ணாதவனை வேலைநீக்கம் செய்வது விருந்தாகுமா? 1850இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு சாதியை வன்மையாகக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியபோதும், லீப்சிக் லுத்தரன் மிஷனார் அதில் சேரவில்லை. கட்டாயத்தால் நெஞ்சு மாறாது என்பது அவர்கள் வாதம். நெஞ்சு மாறும்வரை காத்திருப்போம் என்று சொன்னவர்கள் யாருடைய செலவில் காத்திருந்தனர் என்பது என் மறுவினா. இரண்டுக்கும் இடையே நேரான பாதையொன்றை நான் இன்னும் கண்டிலேன்.

கொங்கு நாட்டில் கீர்த்தனையும் இசையும் வேரூன்றியதில் எச். ஏ. பாப்ளியின் பங்கு பெரிது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈரோட்டில் இலண்டன் மிஷன் ஊழியராக இருந்த அவர், கருநாடக இசையை முறையாகக் கற்று, கதாகாலட்சேப முறையில் ஊரூராக நற்செய்தியைப் பாடினார். 1921இல் இந்திய இசையைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் பல்லாண்டுகள் மாணவர்க்குக் கைவிளக்காக இருந்தது. 1931இல் குறளின் ஒரு பகுதியையும் ஆங்கிலத்தில் தந்தார். கிறிஸ்துமசைக் கொண்டாடாத முன்னோரின் மரபில் வந்த ஒருவர் ஈரோட்டுத் தெருவில் சுருதி கூட்டிப் பாடினார் என்றால், மரபு என்பது கல்வெட்டன்று என்பதற்கு வேறு சான்று எதற்கு? 1950இல் கோயம்புத்தூர்த் திருமண்டலத்தின் முதல் பேராயராகப் பொறுப்பேற்ற ஏ. ஜே. அப்பாசாமி, கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927இலேயே நூல் எழுதியவர். மார்கழி வைகறையின் பொருளை அவர்போல் உணர்ந்த பேராயர் சிலரே.

ஆனால் பாப்ளியின் இசையும் அப்பாசாமியின் பக்தியும் எந்தத் தெருவிலிருந்து வந்தன என்ற கேள்வியைப் பிற்காலத்தில் எழுப்பியவர் மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் ஆசிரியர் தியாபிலஸ் அப்பாவு (1940–2005). 'பரட்டை' என்று மாணவர் அறிந்த அவர், கருநாடக இசைக் கீர்த்தனை மேற்குலத்தாரின் செவிக்கே இனியது எனக் கருதி, நாட்டுப்புற மெட்டிலும் பறையின் அடியிலும் வழிபாட்டை அமைத்தார். ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உண்ணும் கூட்டுணவே அவருடைய இறையியலின் நடுக்கரு. தஞ்சைக் கட்டின் இருக்கையை மாத்திரமன்றிப் பாட்டையும் அவர் கேள்விக்குட்படுத்தினார்.

அவருடைய மாணாக்கர் வழியில் நின்று, மேட்டுப்பாளையத்தில் நானும் காணிக்கைப் பவனிக்குத் தப்பட்டை அடிக்கலாம் என இளைஞருக்கு இசைவு அளித்தேன். மறுப்பு வந்தது, நான் எதிர்பார்த்த திசையிலிருந்து அன்று. தப்பட்டை அடித்துவந்த குடும்பத்தில் பிறந்த முதியவர் ஒருவர், "எங்கப்பன் எழவு வீட்டுல அடிச்சது போதுங்க ஐயா, கோயில்லயுமா?" என்றார். அவருக்கு நான் கூறத்தக்க மறுமொழி ஒன்றும் என்னிடம் இல்லை. அவ்வாண்டு தப்பட்டை ஒலிக்கவில்லை. இறையியல் நூல்களில் விடுதலையின் ஓசையாக நான் கற்றது, அவருடைய செவியில் வேறொன்றாக இருந்தது. இருவருக்கும் இடமளிக்கும் பெருநாளை வகுப்பது எங்ஙனம் என்பதை மாணவர் சிந்திப்பாராக.

நேரத்தைப் பற்றிய கேள்விக்கு வேதத்தில் ஒளி கிடைத்தது கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தில். கர்த்தருடைய பந்தியைப் பற்றிய அப்பகுதியைத் திருவிருந்து தோறும் வாசிக்கின்றோம். எனினும் பவுல் அதை எழுத நேர்ந்த காரணத்தை விட்டு, நடுவிலுள்ள வசனங்களை மாத்திரம் வாசிப்பதே வழக்கம். ஓய்வுடையோர் முந்தி வந்து உண்டு நிறைந்தனர். ஒன்றுமில்லாதோர் பசித்து நின்று வெட்கமடைந்தனர். வேலை முடித்து வரவேண்டியவர்களே பிந்தி வந்தனர் எனப் பல விளக்கவுரையாளர் கொள்வர். உண்ணக் கூடுகையில் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும்படி அவர் இட்ட கட்டளை, மண்டித் தொழிலாளருடைய கேள்விக்கு நேரான விடை.

எனவே அவ்வாண்டு ஆராதனையை இரண்டாகப் பகுத்தோம். நாலரை மணிக்குப் பாட்டும் வேதபாடங்களும் அருளுரையும். ஏழு மணிக்குத் திருவிருந்து. இடைப்பட்ட வேளையில் ஆலய முற்றத்தில் காப்பியும் இட்லியும். பிளினியின் மடலில் கண்ட முறைக்கு இது அத்துணைத் தொலைவானதன்று என்று கமிட்டியில் எடுத்துரைத்தேன். பிளினியைக் கேட்டு எவரும் மனம் மாறவில்லை, இட்லிக்கே இசைந்தனர். சிலர் முதற்பகுதியோடு வீடு சென்றுவிட்டனர். மூத்த அம்மையார் ஒருவர், "வயித்துல சோறு போட்டுட்டு ராப்போசனம் எடுக்கறதாங்க?" என்று வருந்தி, அந்நாளில் திருவிருந்தில் கலந்துகொள்ளவில்லை. அவருடைய மனச்சான்றை நான் முன்னரே கருதியிருக்க வேண்டும்.

ஏழு மணிக்கு மண்டியிலிருந்து பதினேழு பேர் வந்தனர். தோளில் சாக்குத்துண்டு போட்டபடியே சிலர். நான் கவனியாத ஒன்று அப்பொழுதுதான் கண்ணிற்பட்டது. முன்வரிசைப் பெஞ்சுகள் யாவற்றிலும் அவற்றை அளித்த குடும்பங்களின் பெயர் 'உபயம்' என்று எழுதப்பட்டிருந்தது. வந்தவர்கள் அவற்றைப் படித்துவிட்டுப் பின்னாலிருந்த பாயில் அமர்ந்தனர். பாதிப் பெஞ்சுகள் வெறுமையாயிருந்தன. முன்னே வாருங்கள் என்று நான் அழைத்தும் அவர்கள் எழவில்லை. ஓராண்டு முழுவதும் அப்பெயர்களின்மேல் கண்வைத்து அருளுரை ஆற்றியவன் நான்.

தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து முறைமையில், சமாதானத்தைக் கைகளால் ஒருவருக்கொருவர் கொடுக்கும் பகுதி உண்டு. 1947இல் திருச்சபை ஒன்றானபின், 1950இல் முதன்முதல் வழங்கிய முறைமையிலேயே அது இடம்பெற்றது. 1963இல் வெளிவந்த பொது வழிபாட்டு நூலிலும் நிலைத்தது. கேரளத்துச் சீரிய மரபிலிருந்து எடுத்து, மேலைநாட்டு வழிபாட்டறிஞர் பலர் பின்னர் வியந்து பின்பற்றிய பகுதி அது. தீண்டாமை ஊறிய நாட்டில் கையோடு கை சேர்த்தலை வழிபாட்டின் அங்கமாக வைத்தமையின் பயனை, முறைமையை வகுத்தோர் எவ்வளவு எண்ணியிருந்தனரோ அறியேன். பல சபைகளில் அது தலையசைப்பாகச் சுருங்கிவிட்டது. அன்று மேசையிலிருந்து புறப்பட்ட சமாதானம் நடுவழியே பெஞ்சுகளைக் கடந்து கடைசிப் பெஞ்சில் நின்றது. அங்கிருந்தவர் ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியர். நேரத்தை மாற்ற முடியாதென்று முன்னர்க் கூறிய அதே மூப்பர். பாய் தாழ்வாக இருந்தபடியால் கைநீட்டினால் எட்டவில்லை. முழங்கால் நோவுடைய அவர் பெஞ்சைப் பிடித்து மெல்ல இறங்கிப் பாயில் அமர்ந்து, மண் படிந்த கையைத் தம் இரு கைகளாலும் பற்றினார். எழுவதற்கு இருவர் தூக்கிவிட வேண்டியிருந்தது.

அடுத்த நவம்பரில் கமிட்டி கூடியபோது ஏழு மணித் திருவிருந்து விவாதமின்றி ஏற்கப்பட்டது. உபவாசத்தோடு திருவிருந்து பெற விரும்புவோர்க்கென முதற்பகுதியின் இறுதியில் சிறு ஒழுங்கும் செய்தோம். பெஞ்சுகளிலுள்ள பெயர்களை அழிக்கலாமா என்னும் கேள்வியை மண்டித் தொழிலாளர் எழுப்பவில்லை, மூப்பரே எழுப்பினார். அது மூன்று கூட்டங்களுக்கு ஒத்திவைக்கப்பட்டது. நான் அச்சபையைவிட்டு மாற்றலாகிச் சென்ற நாளிலும் அது நிகழ்ச்சிநிரலில் இருந்தது.